லண்டனில் எந்த நாடகத்தைப் பார்ப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனில் மகனோ தங்கச்சியோ இருக்கிற வீடு யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு நாலு இருக்கும். அங்கே போகிறவர்களில் நாடக விருப்பம் உள்ளவர்கள், குறிப்பாக நாடகமும் அரங்கியலும் படித்தவர்களும் படிப்பிக்கிறவர்களும், புறப்பட முதல் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்த நாடகம் நல்லது, ரீச்சர்?”

நான் மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். எனக்குப் பிறகு போன ஏழெட்டுப் பேருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மனம் நொந்து திரும்பியவர்கள் எல்லோரும் நாடகத்தின் பெயரில் தொடங்கியவர்கள். நாள், உடம்பு, அரங்கு, காது என்ற நாலையும் முடிவுசெய்துவிட்டுப் பெயருக்கு வந்தால், தெரிவில் பாதி தானாகவே முடிந்துவிடும். அந்த ஒழுங்கில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. ரிக்கெற் வாங்க முதல் கையில் இருக்க வேண்டியவை

விசாவும் விமானத் திகதியும் உறுதியாகட்டும். நாடக ரிக்கெற்றுக்குப் பொதுவாகப் பணம் திருப்பித் தரமாட்டார்கள். விசா வருமுன் வாங்கி, திகதி தள்ளிப்போய், மூன்று ரிக்கெற்றின் காசை முழுதாக இழந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

நாடகத்துக்கென்று ஒதுக்கும் மொத்தத் தொகையை பவுண்ஸில் எழுதுங்கள். ஒரு பவுண்ஸ் 400 ரூபாயைச் சுற்றி நிற்கிறது. 60 பவுண்ஸ் கதிரை என்றால் 24,000 ரூபாய். ஒவ்வொரு ரிக்கெற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஒன்றையும் வாங்க மனம் வராது. மொத்தத்தை ஒருமுறை ரூபாயில் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டு, பிறகு பவுண்ஸிலேயே கணக்குப் பாருங்கள்.

யாருடைய மின்னஞ்சலுக்கு ரிக்கெற் வரப்போகிறது என்பதையும் முதலே தீர்மானியுங்கள். பெரும்பாலும் அங்குள்ள பிள்ளையின் அட்டையில்தான் வாங்குவோம். ரிக்கெற்றும் பிள்ளையின் மின்னஞ்சலுக்கே போகும். நாடகத்தன்று பிள்ளை வேலையில், தொலைபேசி அணைத்திருக்கும், நீங்கள் அரங்க வாசலில் நிற்பீர்கள். வாங்கிய அன்றே உங்கள் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லி, படமாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. உண்மையில் எத்தனை மாலைகள் உங்களுடையவை?

பத்து நாள் போகிறேன் என்பவருக்குப் பத்து மாலைகள் இல்லை. இறங்கும் நாளையும் திரும்பும் நாளுக்கு முந்திய நாளையும் வெட்டுங்கள். அப்புறம் சொந்தக்காரர் வீடுகள். ஈஸ்ற்ஹாமில் பெரியம்மா, ரூட்டிங்கில் மச்சாள், ஹரோவில் தங்கச்சி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இரவுச் சாப்பாடு இருக்கும். மறுத்தால் மனத்தாங்கல் வரும். போக முதலே அவர்களுக்குச் சொல்லி, சாப்பாட்டு நாட்களைக் குறியுங்கள். மிஞ்சுவதுதான் நாடக நாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல அரங்குகள் மூடியிருக்கும். ஆகவே உறவினர் வீட்டுக்கு ஞாயிறைக் கொடுங்கள். வேலைக்குப் போகிற அவர்களுக்கும் அதுதான் வசதி.

என் அனுபவத்தில் பத்து நாளுக்கு நாலு நாடகம் போதும். ஆறு பார்த்தவர்களிடம் மூன்றாவது நாடகத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டாவதன் காட்சியைச் சொல்கிறார்கள். ஒரே நாளில் பகலும் இரவும் இரண்டு நாடகம் வேண்டவே வேண்டாம்.

3. முதல் நாடகம் பகற்காட்சியாக இருக்கட்டும்

இதை ஒருவரும் முதலில் நம்புவதில்லை. விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பார்த்த நமக்கு இரவு ஏழரை ஒரு நேரமா என்று கேட்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். மார்ச் கடைசியிலிருந்து ஒக்ரோபர் கடைசிவரை லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். அங்கே மாலை 7.30க்குத் திரை விலகும்போது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு 12. குளிர்காலத்தில் இடைவெளி ஐந்தரை. அப்போது இரவு ஒரு மணி. கூத்துக் களரியில் இடையில் எழும்பித் தேத்தண்ணி குடிக்கலாம், பக்கத்தில் இருப்பவருடன் கதைக்கலாம், பாட்டு வந்தால் சேர்ந்து பாடலாம். லண்டன் அரங்கில் இருட்டு, மெத்தைக் கதிரை, இதமான சூடு, அசையாத சனம். எங்கள் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இறங்கிய அன்றே இரவுக் காட்சிக்குப் போனார். இடைவேளைவரை கண்ணை மலர்த்தி வைத்திருந்தார். அதற்குப் பிறகு மருமகன் தட்டி எழுப்பியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்களாம். வாழ்நாள் முழுக்க நாடகம் படிப்பித்த மனிதர். அவர் அதைச் சொன்னபோது எனக்குக் கவலையாக இருந்தது.

பகற்காட்சி பெரும்பாலும் 2 அல்லது 2.30 மணிக்கு. புதன் அல்லது வியாழன், அத்துடன் சனி. உங்கள் உடம்புக்கு அது மாலை ஏழு மணி. நாடகம் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. வந்து நாலைந்து நாள் போன பிறகு இரவுக் காட்சிகளை வையுங்கள்.

4. எந்த வகை அரங்கு என்று பிரித்துப் பாருங்கள்

லண்டனில் நாடகம் என்றால் எல்லோரும் வெஸ்ற் எண்டைச் சொல்வார்கள். அது லெஸ்டர் ஸ்குவயரைச் சுற்றியுள்ள வணிக அரங்குகள். பெரிய இசைநாடகங்களும் (அங்கே ‘மியூசிக்கல்’ என்பது) வருடக்கணக்காக ஓடும் நாடகங்களும் அங்கேதான். அகதா கிறிஸ்டியின் ‘தி மௌஸ்ட்ராப்’ 1952இல் தொடங்கியது. 1974இலிருந்து சென்ற் மார்ட்டின்ஸ் அரங்கில் நடக்கிறது. நாடகம் பார்த்துப் பழக்கமில்லாதவர் கூட வந்தால் இசைநாடகம் ஒன்று நல்ல தெரிவு. வசனம் தவறினாலும் காட்சியும் இசையும் கதையைக் கொண்டுபோகும்.

நாடகம் படித்தவருக்கு நான் முதலில் சொல்வது தேம்ஸ் ஆற்றின் தென்கரையை. வாட்டர்லூ நிலையத்தில் இறங்கி நடந்தால் நஷனல் தியேட்டர். ஒரே கட்டடத்தில் மூன்று அரங்குகள். பெரியது ஒலிவியே, ஏறத்தாழ 1,150 இருக்கைகள். கிரேக்கத்தின் எப்பிடோரஸ் அரங்கை மனதில் வைத்துக் கட்டியது. அந்த விசிறி வடிவத்தை வகுப்பில் பலகையில் கீறிக் காட்டிய எனக்கு, அதன் நடுவில் போய் இருந்தபோது கண் கலங்கியது. லிட்டில்ரன் படச்சட்ட மேடை, படச் சட்டத்துக்குள் பார்ப்பதுபோல முன்னால் இருந்து பார்ப்பது. டோர்ஃப்மன் சிறியது, 400 பேர் அளவில்; நாடகத்துக்கு நாடகம் கதிரைகளை மாற்றி அடுக்கலாம். ரிக்கெற் இல்லாமலும் பகலில் உள்ளே போய் முன்கூடத்தில் இருக்கலாம், புத்தகக் கடை பார்க்கலாம்.

அங்கிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் ஷேக்ஸ்பியரின் குளோப். 1997இல் திறந்த மீள்கட்டுமானம், நடுவில் கூரை இல்லை. மேடையைச் சுற்றிய முற்றத்தில் 700 பேர் நின்று பார்க்கலாம். நிற்கும் இடம் 5 முதல் 10 பவுண்ஸ்தான். வட்டக்களரியைச் சுற்றி நின்று வளர்ந்த நமக்கு இந்த இடம் உடனே பிடிபடும். நடிகர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார், சனத்துக்குள்ளால் மேடைக்கு ஏறுவார். ஆனால் மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டும். முற்றத்தில் நிலத்தில் குந்த விடமாட்டார்கள், மழைக்குக் குடை விரிக்க விடமாட்டார்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர் வாங்கு இடம் எடுத்து, வாடகைக்குக் கிடைக்கும் மெத்தையையும் எடுக்கட்டும். திறந்த மேடை கோடைகாலத்துக்கு உரியது. குளிர்காலத்தில் பக்கத்திலுள்ள சாம் வனமேக்கர் அரங்கில் மெழுகுதிரி வெளிச்சத்தில் நாடகம் நடக்கும்.

குளோப்பில் ஒரு விடயம் கவனம். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று நாடகங்களை நாள் மாற்றி மாற்றி நடத்துவார்கள். பெயரைப் பார்த்து, திகதியைக் கவனிக்காமல் போனால் வேறு நாடகம் நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது வகை சிறிய அரங்குகள். புதிய எழுத்துக்கு ஸ்லோன் ஸ்குவயரில் றோயல் கோர்ட். 1956இலிருந்து புதிய நாடகாசிரியர்களுக்கான இடம். கொவன்ற் கார்டனில் டொன்மார் வெயர்ஹவுஸ், 251 இருக்கைகள் மட்டுமே. இஸ்லிங்ரனில் அல்மைடா. ஏர்ல்ஸ்ஃபீல்டில் தாரா; 1977இல் தெற்காசியர் தொடங்கிய குழுவின் அரங்கு. இந்தச் சின்ன அரங்குகளில் எந்தக் கதிரையில் இருந்தாலும் நடிகரின் மூச்சு கேட்கும். பணம் குறைவாக இருந்தால் பெரிய அரங்கின் மோசமான கதிரையை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். இதை நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் நிற்கும் நாட்களில் தமிழ் நாடகம் ஏதாவது நடக்கிறதா என்றும் உறவினரிடம் விசாரியுங்கள். 1978இல் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் போன்றவை லண்டனிலும் மேடையேற்றியிருக்கின்றன. இவற்றின் விளம்பரம் கோயிலிலும் தமிழ்க் கடையிலும்தான் கண்ணில் படும்.

5. உங்கள் காது எதைத் தாங்கும்?

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். வாசிக்கிற ஆங்கிலம் வேறு. ஸ்கொட்லாந்துக் குடும்பம் ஒன்று சாப்பாட்டு மேசையில் ஒருவர்மேல் ஒருவர் பேசுகிற ஆங்கிலம் வேறு. நகைச்சுவை நாடகம் இலகு என்று நினைப்பது பெரிய பிழை. பக்கத்துச் சனம் சிரிக்க நீங்கள் சிரிக்காமல் இருப்பதைப்போல வருத்தம் வேறில்லை. பகிடிக்குத்தான் காது மிகக் கூர்மையாக வேண்டும்.

ஆகவே முதல் தடவை, கதை தெரிந்த நாடகத்தைத் தெரிவுசெய்யுங்கள். கிரேக்கத் துன்பியல், ஷேக்ஸ்பியர், இப்சன், செக்கோவ் எதுவாகவும் இருக்கலாம். முடிவைத் தெரிந்துகொண்டால் சுவை போய்விடும் என்று அங்குள்ள பிள்ளைகள் சொல்வார்கள். சுடலையில் அரிச்சந்திரன் என்ன செய்வான் என்று தெரிந்துகொண்டுதானே நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைச் சனம் திரும்பத் திரும்பப் பார்த்தது? கதை தெரிந்தால் நடிப்பைப் பார்க்கலாம்.

புதிய நாடகம் என்றால் பிரதியை முதலே வாங்கி வாசியுங்கள். நஷனல் தியேட்டர் புத்தகக் கடையில் நாடகப் பிரதிகள் நிறைய உண்டு. பல அரங்குகளில் குறித்த சில நாட்களில் வசனம் எழுத்தாக மேடையோரத் திரையில் ஓடும். காது கேளாதோருக்கான ஏற்பாடு அது. நமக்கும் பெரிய உதவி. அரங்கின் இணையதளத்தில் அந்தத் திகதியைத் தேடி, முடிந்தால் உங்கள் நாளை அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.

6. இப்போது பெயர்ப் பட்டியல்

ஒரு கொப்பியில் நாடகத்தின் பெயருக்குப் பக்கத்தில் முடிவடையும் திகதி, இடைவேளையுடன் எத்தனை மணித்தியாலம், எந்த நிலையம், குறைந்த விலை என்று எழுதுங்கள். பெயர் பத்துக்கு மேல் வேண்டாம்.

முடிவடையும் திகதி எல்லாவற்றிலும் முக்கியம். சிறிய அரங்குகளின் நாடகம் ஆறு எட்டு வாரத்தில் முடிந்துவிடும். திரும்ப வராமலே போகலாம். வருடக்கணக்காக ஓடுவது நீங்கள் அடுத்த முறை போகும்போதும் இருக்கும். நல்லது இரண்டு ஒரே மாலையில் மோதினால் முடியப்போவதை எடுங்கள்.

பிரபல நடிகருக்காக மட்டும் ஒரு நாடகத்தைப் போடாதீர்கள். அப்படியான ரிக்கெற்தான் ஆக விலை கூடியது. அவருக்குச் சுகமில்லை என்றால் அன்று மாற்று நடிகர் நடிப்பார். அதற்காகப் பணம் திரும்பி வரும் என்று எண்ண முடியாது. அவர் இல்லாவிட்டாலும் பார்ப்பேனா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் எழுதுங்கள்.

நாலு நாடகத்தில் இரண்டை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிவிடுங்கள். மற்ற இரண்டு மாலைகளும் திறந்தே இருக்கட்டும். அங்கே போன பிறகு உடம்பு எப்படி, காது எப்படி என்று உங்களுக்கே விளங்கும்.

7. விமர்சனத்தை எப்படி வாசிப்பது

அரங்க வாசலில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களையும் ஒற்றை வரிப் புகழ்ச்சியையும் விட்டுவிடுங்கள். நீண்ட விமர்சனம் இரண்டு போதும், ஒன்று பாராட்டியது, ஒன்று குறை சொன்னது. குறை சொன்னதில்தான் நாடகம் எப்படி இருக்கும் என்று தெரியும். ‘வசனம் குறைவு, உடலசைவு கூட’ என்று ஒருவர் முறைப்பட்டிருந்தால் நமக்கு அது நல்ல செய்தி.

விமர்சனமே இல்லாவிட்டால் அது முன்னோட்டக் காலமாக இருக்கலாம். பத்திரிகையாளர் வருமுன் நடக்கும் காட்சிகள் அவை. விலை சில வேளை குறைவு. நாடகம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும். நெறியாள்கை படிக்கிறவர்களுக்கு நல்லது. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

8. கதிரை: அவசரப்படக் கூடாத இடம்

வெஸ்ற் எண்ட் அரங்குகளில் பல, நூறு வருடத்துக்கு மேல் பழையவை. கீழ்த்தளம் ஸ்டோல்ஸ். அதன்மேல் டிரெஸ் சேர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சேர்க்கிள், சிலவற்றில் உச்சியில் பல்கனி. மேலே போகப் போகப் படிகள் செங்குத்து, கால் வைக்க இடம் குறைவு, மின்தூக்கி இல்லாத இடங்களும் உண்டு.

பார்வை தடைப்படும் கதிரை என்று எழுதியிருந்தால் அதை நம்புங்கள். முதல் தடவை நான் நம்பவில்லை. விலை பாதி என்று எடுத்தேன். எனக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு இரும்புத் தூண், கைப்பிடி அளவு தடிப்பு, பச்சைப் பூச்சு. மேடையின் சரிநடுவை அது மறைத்தது. தாயும் மகளும் கடைசியாகச் சந்திக்கிற காட்சி. மகள் தூணுக்கு இடப்பக்கம் நின்றாள், தாயின் கை மட்டும் வலப்பக்கம் தெரிந்தது. நான் தலையை அந்தப் பக்கம் சாய்த்தால் பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டார். அந்தத் தாயின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவேயில்லை.

தூண் இல்லாவிட்டாலும் இன்னொன்று. ஸ்டோல்ஸின் பின்வரிசைகளில் மேல்தளம் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். மேடையின் மேற்பாதி வெட்டுப்படும். மாடியில் அல்லது ஏணியில் காட்சி வந்தால் கால்தான் தெரியும். அதே காசுக்கு மேல்தளத்தின் நடுப்பகுதி நல்லது. குறித்த கதிரையிலிருந்து பார்வை எப்படி என்று பார்வையாளர் எடுத்த படங்களுடன் காட்டும் இணையதளங்கள் உண்டு. அரங்கின் பெயரையும் கதிரை இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் ‘ஸ்டோல்ஸ் என்றால் நிலமட்டம்’ என்று முடிவுகட்ட வேண்டாம். சில அரங்குகளில் ஸ்டோல்ஸ் தெருவுக்குக் கீழே, டிரெஸ் சேர்க்கிள்தான் தெருமட்டத்தில். அரங்குக்குத் தொலைபேசியில் எடுத்து, “எத்தனை படி?” என்றே கேளுங்கள். பொறுமையாகச் சொல்வார்கள்.

9. எங்கே, எப்போது வாங்குவது

முதலில் அரங்கின் சொந்த இணையதளம். தேடும்போது மேலே வருகிற விளம்பரம் பெரும்பாலும் மறுவிற்பனைக்காரருடையது. அதே கதிரைக்கு மேலதிகக் கட்டணம் ஏறும். முகவரியை வாசித்துப் பார்த்துத்தான் அட்டை இலக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

திறந்து வைத்த இரண்டு மாலைகளுக்கு வழி பல. லெஸ்டர் ஸ்குவயர்ப் பூங்காவின் ஓரத்தில் ரி.கே.ரி.எஸ். (TKTS) என்ற கூடம், லண்டன் அரங்குகளின் சங்கமே நடத்துவது. அன்றைக்கும் அடுத்த ஓரிரு நாளுக்கும் உரிய ரிக்கெற்றுகளைக் குறைந்த விலையில் தரும். அதைச் சுற்றி ‘அரை விலை’ என்று பலகை மாட்டிய வேறு கடைகளும் இருக்கும். அவற்றைக் கடந்து போங்கள். பல நாடகங்களுக்கு அன்று காலை விற்கும் மலிவுக் கதிரைகள் உண்டு, ருடேரிக்ஸ் (TodayTix) என்ற செயலியில் காலையில் பார்க்கலாம். றோயல் கோர்ட்டில் திங்கட்கிழமை மலிவு.

எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்றால் மனம் விடாதீர்கள். திருப்பிக் கொடுத்த ரிக்கெற்றுகளுக்கு வாசலில் வரிசை நிற்கும். ஒற்றைக் கதிரைதான் அதிகம் வரும். துணைக்கு வருகிறவர் வீட்டில் நிற்கச் சம்மதித்தால் தனியாகப் போய் நில்லுங்கள். நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது அப்படி வாசலில் முக்கால் மணித்தியாலம் நின்று, தொடங்க ஆறு நிமிடம் இருக்கக் கிடைத்தது.

10. நாடகத்தன்று

வீடு திரும்பும் வழியை முதலே பாருங்கள். இரவுக் காட்சி பத்து, பத்தேகாலுக்கு முடியும். வெள்ளி, சனி இரவுகளில் சில ரியூப் (நிலத்தடி ரயில்) பாதைகள் விடிய விடிய ஓடும். ரூட்டிங்குக்குப் போகும் நோர்தேர்ன் அதில் ஒன்று. ஹரோவுக்கான மெட்ரோபொலிற்றனும் ஈஸ்ற்ஹாமுக்கான டிஸ்ரிக்ட்டும் அதில் இல்லை.

அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். பிந்தினால் ஒரு இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்துவார்கள். சில நாடகங்களில் இடைவேளைவரை, சிலவற்றில் உள்ளேயே விடமாட்டார்கள். ‘நம்ம ஆக்கள் ஏழரை என்றால் எட்டுக்குத்தான் தொடங்குவினம்’ என்ற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பெரிய பையும் வேண்டாம், வாசலில் திறந்து பார்ப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே தண்ணீர்ப் போத்தலும் விலை. உடுப்புக்குக் கட்டுப்பாடு இல்லை, சேலையுடன் போயிருக்கிறேன். குளிர்மேலாடையை மடியில் வைக்கத்தான் இடம் இருக்கும்.

நிகழ்ச்சிப் புத்தகம் விலை கூட. நடிகர் பெயருள்ள ஒற்றைத் தாளை இலவசமாகத் தரும் அரங்குகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ரயிலில் வரும்போதே அந்தத் தாளின் பின்பக்கத்தில் மேடை அமைப்பைக் கீறி, ஒளி எங்கிருந்து வந்தது, யார் எந்தப் பக்கத்தால் நுழைந்தார் என்று குறியுங்கள். அடுத்த நாள் காலைக்குள் பாதி மறந்துவிடும். அந்தத் தாள்களையும் வாங்கிய பிரதிகளையும் திரும்பும்போது கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியின் நிறையைத் தங்கச்சி கட்டித் தருகிற சொக்லேற்றே முடித்துவிடும்.